ஸ்டிரைக் இல்லாத நாடு

1926க்குப் பிறகு முசோலினியின் இத்தாலியில் ஸ்டிரைக் செய்வது குற்றம். எங்கள் கம்பெனி பஸ்ஸில் இதைச் சொன்னால் பாதிப் பேர் "அப்படித்தான் இருக்கணும்" என்று கைதட்டுவார்கள். அந்தப் பாதிப் பேரும் எட்டு மணி நேரம் மெஷின் முன்னால் நின்றுவிட்டு வருகிறவர்கள்தான். ஓசூர் சிப்காட்டில் ஷிப்ட் முடிந்து பஸ் கிளம்பினால் சூளகிரி வருவதற்குள் நாட்டைத் திருத்தி முடித்துவிடுவோம். ஒரே ஆள் வேண்டும், கண்டிப்பான ஆள், எதிர்த்துப் பேசுகிறவனைத் தூக்கி உள்ளே வைக்கிற ஆள். அப்புறம் யாராவது ஒருத்தர் முசோலினி காலத்தில் ரயில் நேரத்துக்கு வந்த கதையை எடுத்து விடுவார்.

நான் யூனியன் கமிட்டியில் இருக்கிறேன், அதனால் இதில் எனக்கு ஒரு பக்கம் உண்டு, மறைக்கவில்லை. பஸ் பேச்சுக்குப் பதில் சொல்லவேண்டும் என்றுதான் இத்தாலியைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். படிக்கப் படிக்க, அடி உதையை விட என்னை அதிகம் பயமுறுத்தியது அவர்களுடைய ஆபீஸ் வேலைதான். ஒரு வீட்டுக்குச் சோறு வரும் வழி எதுவோ, அந்த வழியில் எல்லாம் கட்சிக்காரன் ஒருத்தனை உட்கார வைத்து, அவன் கையெழுத்துப் போடாமல் ஒன்றும் நகராது என்று ஆக்கிவிட்டார்கள்.

ஆரம்பம் தடியில்தான். 1919, 1920ல் இத்தாலியில் பெரிய தொழிலாளர் எழுச்சி. 1920 செப்டம்பரில் வடக்கே ஆலைகளையே தொழிலாளிகள் பிடித்து வைத்துக்கொண்டார்கள், போ நதிச் சமவெளியில் விவசாயக் கூலிகள் சங்கம் வைத்து யாருக்கு எத்தனை ஆள் வேலைக்கு என்பதைத் தாங்களே தீர்மானித்தார்கள். பண்ணையார்களுக்கு வயிற்றில் புளி கரைத்தது. முசோலினியின் கருஞ்சட்டைக் கும்பலுக்குப் பணமும் லாரியும் கொடுத்தது அவர்கள்தான். ராத்திரியில் லாரியில் போய் சங்கக் கட்டிடத்தைக் கொளுத்துவது, சங்கத் தலைவரை வெளியே இழுத்து வாயைப் பிளந்து விளக்கெண்ணெய் ஊற்றுவது, இதெல்லாம் 1922 அக்டோபரில் முசோலினி பிரதமர் ஆவதற்கு முந்தின கதை. அவரைக் கூப்பிட்டுப் பதவி கொடுத்தவர் ராஜா மூன்றாம் விக்டர் இம்மானுவேல். 1924 தேர்தலில் நடந்த அட்டூழியங்களைப் பார்லிமென்டில் எழுந்து சொன்ன மத்தெயொத்தி என்ற சோசலிஸ்ட் உறுப்பினரை ஜூன் 10 அன்று கடத்திக் கொன்றார்கள். 1925 ஜனவரி 3 அன்று முசோலினி அதே சபையில் நின்று நடந்ததற்கெல்லாம் நானே பொறுப்பு என்றார். யாரும் ஒன்றும் செய்யவில்லை. 1926 முடிவதற்குள் மற்ற கட்சிகள் எல்லாம் தடை, தேர்ந்தெடுத்த மேயர்களுக்குப் பதில் மேலிருந்து நியமித்த அதிகாரிகள், அரசியல் வழக்குகளுக்குத் தனி நீதிமன்றம், வழக்கே இல்லாமல் தீவுக்கு நாடு கடத்துகிற அதிகாரம்.

சரி, இனி நமக்கு நெருக்கமான விஷயத்துக்கு வருவோம்.

1925 அக்டோபரில் ரோமில் வீதோனி மாளிகையில் முதலாளிகள் சங்கமான கொன்ஃபிந்துஸ்திரியாவும் முசோலினி கட்சியின் பாசிஸ்ட் யூனியனும் ஓர் ஒப்பந்தம் போட்டன. நீ தொழிலாளிகளின் ஒரே பிரதிநிதி, நான் முதலாளிகளின் ஒரே பிரதிநிதி, மற்ற யாரோடும் பேசமாட்டோம். அதோடு ஆலைக்குள் தொழிலாளிகள் தேர்ந்தெடுத்த உள் கமிட்டிகளும் ஒழிந்தன. 1926 ஏப்ரலில் அல்ஃப்ரெதோ ரொக்கோ என்ற சட்ட அமைச்சர் இதைச் சட்டமாக்கினார். ஒரு தொழிலுக்கு ஒரே யூனியன், அதன் தலைவர்கள் கட்சியும் அரசும் ஒப்புக்கொண்ட ஆட்கள், சந்தா மட்டும் உறுப்பினர் அல்லாதவர் சம்பளத்திலும் பிடித்தம். ஸ்டிரைக் குற்றம். முதலாளி கதவடைப்பும் குற்றம் என்று ஒரு வரி சேர்த்திருந்தார்கள், பார்க்கச் சமநீதி மாதிரி இருக்கும். ஆனால் முதலாளிக்குக் கதவடைப்பு எதற்கு, பேச ஆளே இல்லாத இடத்தில்? தகராறு வந்தால் தொழிலாளர் நீதிமன்றம் போகலாம் என்றார்கள்.

12(3) ஒப்பந்தத்துக்கு, அதாவது தொழிலாளர் துறை அதிகாரி முன்னால் கம்பெனியும் யூனியனும் போடுகிற ஒப்பந்தத்துக்கு, அந்தத் துறை வராண்டாவில் மாதக்கணக்கில் காத்துக் கிடந்தவர்களுக்கு இது என்னவென்று புரியும். எங்கள் பேச்சுவார்த்தை எவ்வளவு இழுத்தாலும், எங்கள் பக்கம் உட்காருகிறவர் நாங்கள் ஓட்டுப் போட்டு அனுப்பின ஆள். அவர் சரியில்லையென்றால் கேட் மீட்டிங்கில் கிழித்துத் தொங்கவிடுவோம், அடுத்த தடவை ஓட்டு விழாது. இத்தாலியில் மேஜையின் இரண்டு பக்கமும் நாற்காலி இருந்தது, ஒரு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தவரைத் தொழிலாளி அனுப்பவில்லை, அவ்வளவுதான். ஷாப் ஃப்ளோரில் ஒரு பிரதிநிதி வைத்துக்கொள்ளக்கூட 1939 வரை முதலாளிகள் விடவில்லை. கான்டீன் சாம்பாரில் புழு இருந்தால்கூட யாரிடம் போய்ச் சொல்வது?

இதில் இன்னொரு கூத்து. பாசிஸ்ட் யூனியன் தலைவர் எத்மொந்தோ ரொஸ்ஸோனி முசோலினியின் சொந்த ஆள், சந்தேகமே இல்லை. அவரிடம் எல்லாத் தொழிலாளிகளும் ஒரே பெரிய கூட்டமைப்பில் சேர்ந்திருக்கிறார்கள் என்பதே முதலாளிகளுக்கு உறுத்தியது. 1928ல் அந்தக் கூட்டமைப்பை ஆறாக உடைத்துப் போட்டார்கள். தன் கட்சி யூனியன்கூட பலமாக இருக்கக்கூடாது! முதலாளிகள் சங்கத்தை யாரும் உடைக்கவில்லை. அங்கே பழைய ஆட்களே தொடர்ந்தார்கள். 1927 ஏப்ரலில் 'தொழிலாளர் சாசனம்' என்று ஒன்றை வெளியிட்டார்கள், அதிலேயே தனியார் முயற்சிதான் தேசத்துக்கு மிகவும் பயனுள்ள கருவி என்று எழுதி வைத்தார்கள். முதலாளி, தொழிலாளி, அரசு மூவரும் சேர்ந்து உற்பத்தியை நடத்துவார்கள் என்று சொல்லி 22 தொழில்வாரிக் குழுக்களை அமைத்தார்கள், அது நடந்தது 1934ல்தான். உலகம் முழுக்க அதைப் பற்றிப் புத்தகம் எழுதினார்கள், ஆளாளுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். உள்ளே கூட்டம் நடக்கும், தீர்மானம் போடுவார்கள், பெரிய முடிவுகள் எல்லாம் வேறெங்கோ நடக்கும்.

இதன் பலன் சம்பளச் சீட்டில் தெரிந்தது. 1926 ஆகஸ்டில் பெசாரோ நகரத்தில் பேசும்போது இத்தாலி நாணயமான லீராவின் மதிப்பைக் காப்பாற்றியே தீருவேன் என்று முசோலினி சபதம் போட்டார். அப்போது ஒரு பிரிட்டிஷ் பவுண்டுக்கு 150 லீரா வரை போயிருந்தது. அதை 90க்குக் கொண்டுவரவேண்டும், ஏனென்றால் அவர் பதவிக்கு வந்தபோது கிட்டத்தட்ட அந்த ரேட்தான். கௌரவப் பிரச்சினை. 1927 டிசம்பரில் 92.46 என்று நிலைநிறுத்தினார்கள். லீரா மதிப்பு ஏறினால் ஏற்றுமதிச் சரக்கு வெளிநாட்டில் விலை ஏறும், விற்காது. அந்த நஷ்டத்தை யார் தலையில் கட்டுவது? 1927ல் சம்பளத்தில் 10 முதல் 20 சதவீதம் வரை வெட்டு. 1930ல் மறுபடி, 1934ல் மறுபடி. ஒவ்வொரு தடவையும் யூனியன் சம்மதத்தோடு! விலைவாசியும் இறங்கியது, இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் சம்பளம் இறங்கின வேகத்துக்கு இல்லை. சின்னக் கம்பெனிகள் படுத்தன, பெரியவை அவற்றை வாங்கிப் போட்டுக்கொண்டன.

அதற்காக எல்லாரும் சும்மா இருந்தார்கள் என்று இல்லை. வெர்செல்லி பக்கம் நெல் வயலில் முழங்கால் தண்ணீரில் நின்று களை எடுக்கிற பெண்கள் 1927லும் 1931லும் கூலி வெட்டை எதிர்த்து வேலையை நிறுத்தினார்கள். ஜெயில் என்று தெரிந்தே நிறுத்தினார்கள். களை எடுக்கிற பொம்பளைகளுக்கு இருந்த தைரியம் என்று எழுதப் போனேன், எங்கள் அம்மாவே பென்னாகரம் பக்கத்தில் களை எடுத்தவர்தான், அடி விழும்.

1935ல் ஒவ்வொரு தொழிலாளிக்கும் வேலைப் புத்தகம் வந்தது. எங்கே வேலை பார்த்தான், எப்போது விட்டான் எல்லாம் அதில் இருக்கும், அது இல்லாமல் வேலை இல்லை. அரசு வேலைக்கு 1933ல் இருந்து கட்சி அட்டை வேண்டும். அந்த அட்டையை ஜனங்கள் சோத்து அட்டை என்றே கூப்பிட்டார்கள். பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் 1931ல் ஆட்சிக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்கவேண்டி வந்தது. ஆயிரத்து இருநூறு பேருக்கு மேல் இருந்ததில் மறுத்தவர்கள் ஒரு டஜன் சொச்சம். அந்தக் கணக்கைப் படித்தபோது முதலில் கோபம்தான் வந்தது, இவ்வளவு படித்தவர்களா என்று. பிறகு வீட்டுக் கடன் தவணையும் பையனின் பீஸும் ஞாபகம் வந்ததும் கொஞ்சம் நிதானமாகிவிட்டேன்.

கல்யாணத்தையும் விட்டு வைக்கவில்லை. 25 முதல் 65 வயது வரை கல்யாணம் ஆகாத ஆம்பளைக்கு 1927ல் இருந்து தனி வரி. நாலு கோடியாக இருந்த ஜனத்தொகையை நூற்றாண்டின் பாதிக்குள் ஆறு கோடி ஆக்கவேண்டுமாம், படைக்கு ஆள் வேண்டும். பெண்களை வீட்டுக்கு அனுப்ப, ஆபீஸ் வேலைகளில் பெண்கள் பத்து சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று 1938ல் ஓர் உத்தரவு. பிறப்பு விகிதமோ குறைந்துகொண்டேதான் போனது. பள்ளிக்கூடத்தில் ஒரே அரசுப் பாடப்புத்தகம், சனிக்கிழமை அணிவகுப்பு, பேப்பர்களுக்கு எதைப் போடு எதைப் போடாதே என்று தினமும் சீட்டு, சினிமா கொட்டகையில் படத்துக்கு முன் அரசுச் செய்திப்படம் கட்டாயம்... இதெல்லாம் எல்லாரும் எழுதியதுதான்.

அதிகம் எழுதாத ஒன்று தோப்போலவோரோ. 1925ல் ஆரம்பித்த அமைப்பு, வேலை முடிந்த பிறகான நேரத்தைப் பார்த்துக்கொள்வது அதன் வேலை. பந்து விளையாட்டு, பாண்டு வாத்தியம், நாடகம், சினிமா, கடற்கரைக்கு மலிவு டிக்கெட்டில் ரயில் பயணம், பிள்ளைகளுக்குக் கோடை முகாம். 1930களின் கடைசியில் 35 லட்சம் உறுப்பினர்களைத் தாண்டியது. ஜனங்களுக்கு இது உண்மையாகவே பிடித்திருந்தது, அதை ஒப்புக்கொள்ளாமல் பாசிசத்தைப் பற்றிப் பேசிப் பிரயோஜனம் இல்லை. கடலையே பார்க்காத மில் தொழிலாளி முதல் தடவையாகக் குடும்பத்தோடு கடலுக்குப் போனான். ஆனால் அதே ஊர்களில் முன்பே சோசலிஸ்டுகள் கட்டிய மக்கள் இல்லங்கள் இருந்தன, கூட்டுறவுக் கடை, படிப்பகம், ஒயின் குடித்துக்கொண்டு சீட்டாட ஓர் இடம், எல்லாம் தொழிலாளியின் காசு. அதில் பலவற்றைக் கொளுத்தினார்கள், மிச்சத்தைப் பிடுங்கினார்கள், பிறகு அவனிடமே அதை அரசாங்கத்தின் பரிசாகக் கொடுத்தார்கள்.

முதலாளி பக்கம் கதை வேறு. முதல் மூன்று வருஷம் முழுக்கத் தாராளம்: தொலைபேசியைத் தனியாருக்கு விற்றார்கள், ஆயுள் காப்பீட்டு ஏகபோகத்தை எடுத்துவிட்டார்கள். 1930களின் உலக மந்தத்தில் மூன்று பெரிய வங்கிகள் தள்ளாடின, அவை கம்பெனிப் பங்குகளை மலை மலையாக வாங்கி வைத்திருந்தன. 1933 ஜனவரியில் ஐ.ஆர்.ஐ. என்ற அரசு நிறுவனம் தொடங்கி அந்தப் பங்குகளை எல்லாம் எடுத்துக்கொண்டார்கள். இரும்பு, கப்பல் கட்டும் துறை, தொலைபேசி என்று பெரிய பெரிய துறைகள் அரசின் கையில் வந்து விழுந்தன. திட்டம் போட்டு வந்ததில்லை, நஷ்டத்தைத் தாங்க வேறு ஆள் இல்லாமல் வந்தது. அதை நடத்திய அல்பெர்தோ பெனெதூச்சே பழைய சோசலிஸ்ட், மகளுக்குப் 'புதிய சோசலிச எண்ணம்' என்று அர்த்தம் வருகிற மாதிரி பெயர் வைத்தவர். முசோலினி அவரைத் தொடவில்லை. காரியம் தெரிந்த ஆள் வேண்டுமே.

கோதுமை விஷயம் எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு நன்றாகப் பிடிபடும். 1925ல் 'கோதுமைப் போர்' அறிவித்தார்கள், வெளிநாட்டுக் கோதுமைக்குக் கனத்த வரி, உள்ளூரில் எங்கு பார்த்தாலும் கோதுமை. ஐம்பது லட்சம் டன் சொச்சம் விளைந்தது எழுபது லட்சத்தைத் தாண்டியது, இறக்குமதி வெகுவாகக் குறைந்தது, முசோலினி சட்டையைக் கழற்றிவிட்டுக் கதிரடிக்கிற போட்டோ ஊரெல்லாம் போனது. டிராக்டரும் உரமும் வைத்திருந்த வடக்குப் பண்ணைகளுக்கு நல்ல காசு. தெற்கு மேட்டு நிலத்தில்? பென்னாகரம், ஏரியூர் பக்கம் மானாவாரிக் கொல்லையில் கேழ்வரகையும் ஆட்டையும் விட்டுவிட்டு நெல் போடு என்று மேலிருந்து உத்தரவு வந்தால் என்ன ஆகுமோ அதுதான். மேய்ச்சல் நிலம் போனது, ஆடு மாடு குறைந்தது, ஒலிவ மரமும் திராட்சையும் பின்னுக்குப் போயின. சாப்பிடுகிறவனுக்கு ரொட்டி விலை ஏறியது. 1936ல் இன்னும் ஒரு படி: விளைந்த கோதுமையை அரசுக் கிடங்கில் அரசு சொல்கிற விலைக்குத்தான் கொடுக்கவேண்டும். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி விலை விழுந்து ரோட்டில் கொட்டிவிட்டுப் போகிறவனுக்கு நிலையான விலை என்றால் இனிக்கத்தான் செய்யும், அங்கேயும் முதலில் இனித்தது.

அப்புறம் தங்கம். 1935 அக்டோபரில் எத்தியோப்பியா மேல் படையெடுத்தார்கள், நவம்பரில் உலக நாடுகளின் சங்கம் பொருளாதாரத் தடை போட்டது. டிசம்பர் 18 அன்று ரோமில், முதல் உலகப் போரில் செத்த பெயர் தெரியாத சிப்பாயின் சமாதி முன்னால், ராணி எலெனா தன் கல்யாண மோதிரத்தைக் கொடுத்தார். பின்னாலேயே பெண்கள் வரிசை. ரோமில் மட்டும் சுமார் இரண்டரை லட்சம் மோதிரம். பதிலுக்குக் கையில் ஓர் இரும்பு மோதிரம். நம் ஊரில் தாலியைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இரும்புக் குண்டுமணி கோர்த்துக்கொண்டு வீட்டுக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். 1962 சீனப் போரின்போது இங்கேயும் பெண்கள் நகை கொடுத்தார்கள், அது நம் எல்லைக்குள் வந்தவனைத் தடுக்க. இத்தாலியில் கொடுத்தது இன்னொருத்தன் நாட்டைப் பிடிக்க. எல்லாரும் கட்டாயத்தில் கொடுத்தார்கள் என்று சொல்லமாட்டேன், பெருமையாகவே கொடுத்தவர்கள் நிறைய. ஆனால் மறுநாள் உன் விரலில் தங்கம் மின்னினால் தெருவே பார்க்கும், அதுதான் அதன் சூட்சுமம்.

ஓட்டும் இருந்தது, கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள். 1929ல் 400 பேர் கொண்ட ஒரே பட்டியல், அதற்கு ஆமா இல்லையா. ஆமா சீட்டில் இத்தாலிக் கொடியின் மூவர்ணம், இல்லை சீட்டு வெறும் வெள்ளை. எந்தச் சீட்டைப் பெட்டியில் போடுகிறாய் என்று பார்க்கக் கண்ணாடி போடவேண்டியதில்லை. இல்லை என்றவர்கள் சுமார் 1,35,000 பேர். 1934ல் அது சுமார் 15,000 ஆகிவிட்டது. அந்தப் பதினைந்தாயிரத்தில் ஒருத்தரோடு டீ குடிக்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

ரயிலைச் சொல்ல மறந்தேன். போரில் சீரழிந்த ரயில்வேயைச் சரிபண்ணுகிற வேலை 1922க்கு முன்பே நடந்துகொண்டிருந்தது; பெரிய தடங்களில், வெளிநாட்டுப் பயணிகள் ஏறுகிற வண்டிகளில் நேரம் சரியாக இருந்தது, கிராமத்துப் பாசஞ்சர் எப்போதும் போலத்தான்.

1939 மே மாதம் தூரினில் ஃபியட்டின் புது மிராஃபியோரி ஆலையைத் திறக்க முசோலினி வந்தார். ஆயிரக்கணக்கான தொழிலாளிகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். 1934ல் மிலானில் நான் பேசியது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டார், சமூக நீதி, வேலை, நல்ல வீடு எல்லாம் தருவேன் என்று பேசின பேச்சு அது. முன்வரிசையில் இருந்து கொஞ்சம் கைதட்டல், மற்றபடி சத்தமில்லை. ஞாபகம் இல்லையென்றால் எடுத்துப் படியுங்கள் என்று எரிந்து விழுந்துவிட்டு இறங்கிப் போனார். அதே ஆலையில் 1943 மார்ச் 5 அன்று ஸ்டிரைக் தொடங்கியது. குண்டுவீச்சுக்குப் பயந்து ஊரை விட்டுப் போன குடும்பத் தலைவர்களுக்குக் கொடுத்த 192 மணி நேரச் சம்பளத்தை எங்கள் எல்லாருக்கும் கொடு என்பது கோரிக்கை. கவனியுங்கள், ஆட்சியைக் கவிழ் என்று நோட்டீஸ் ஒட்டவில்லை, அலவன்ஸ் கேட்டார்கள். தூரினில் இருந்து மிலானுக்குப் பரவி லட்சம் பேருக்கு மேல் நின்றுவிட்டார்கள். ஜூலை 25 அன்று முசோலினி பதவியில் இல்லை. அதற்குப் போரில் தோற்றது, சிசிலியில் நேச நாட்டுப் படை இறங்கியது என்று பெரிய காரணங்கள் உண்டு. ஆனால் பதினேழு வருஷமாகச் சட்டத்திலேயே இல்லாத ஒன்று ஷாப் ஃப்ளோரில் இருந்து திரும்பி வந்ததை அவர்கள் கட்சிக்காரர்களே பார்த்தார்கள்.

அவர் போனாலும் அவர் போட்ட சட்டங்கள் எல்லாம் உடனே போகவில்லை. ரொக்கோவின் 1930 தண்டனைச் சட்டம் திருத்தங்களோடு இன்னும் இருக்கிறது, ஐ.ஆர்.ஐ. 2000 வரை ஓடியது. எனக்கு மனதில் நிற்பது 1939ல் போட்ட குடிபெயர்வுச் சட்டம். பெரிய நகரத்தில் குடியிருப்பைப் பதிய வேண்டுமென்றால் அங்கே வேலை இருக்கவேண்டும், வேலை வேண்டுமென்றால் அங்கே குடியிருப்புப் பதிவு இருக்கவேண்டும். எங்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரியில் இருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பை தூக்கிக்கொண்டு போகிறவனிடம் இப்படி ஒரு சட்டத்தைக் காட்டினால் பஸ் ஸ்டாண்டிலேயே சிரிப்பான். இத்தாலியில் அது ரத்தானது 1961ல். அதுவரைக்கும் தெற்கில் இருந்து தூரினுக்குப் பிழைக்க வந்தவர்கள் பதிவில்லாத ஆட்களாகவே இருந்தார்கள், தரகர்கள் நடத்திய போலிக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக அதே ஆலைகளில் குறைந்த கூலிக்கு வேலை பார்த்தார்கள். எங்கள் லைனில் எனக்குப் பக்கத்தில் நிற்கிற கான்ட்ராக்ட் பையன்களின் கதை அடுத்த பதிவில்.